பரிசுத்தமும் ஒதுக்கமும்: தமிழ்க் கிறித்தவ உள்விவாதங்களில் தூய்மைக் கருத்து

முன்னுரை

தமிழுக்குக் கிறித்தவம் ஆற்றிய தொண்டினைப் பேசும் இலக்கிய வரலாறுகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்துள்ளன. வீரமாமுனிவரின் தேம்பாவணி, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி, கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு என அவ்வரிசை நீளும். இவை யாவும் கிறித்தவம் தமிழுலகை நோக்கிப் பேசியவை. கிறித்தவர் கிறித்தவரை நோக்கிப் பேசிய எழுத்துகளும் பல உள. விண்ணப்பங்கள், மறுப்புரைகள், சபைக் கடிதங்கள், சிறு வெளியீடுகள், நாட்குறிப்புகள் என்னும் வடிவங்களில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அவ்வெழுத்துகள் தோன்றிவந்துள்ளன. இலக்கிய வரலாறுகளில் அவற்றுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. சமய வரலாற்றார் அவற்றைச் சான்றாகப் பயன்படுத்தினர்; தமிழாய்வாளர் அவற்றைப் பனுவலாகப் பயில முன்வந்தது குறைவே.

இவ்வுள்விவாதங்களில் மீண்டும் மீண்டும் எழும் வினா ஒன்றுண்டு. தூய வாழ்வு என்பது யாது? அது உடலைச் சார்ந்ததா, உள்ளத்தைச் சார்ந்ததா, இடத்தைச் சார்ந்ததா, குலத்தைச் சார்ந்ததா? இவ்வினாவுக்குத் தமிழ்க் கிறித்தவர் அளித்த விடைகளையும், அவ்விடைகளை உருவாக்கியதில் தமிழ்ச் சொற்களுக்கு இருந்த பங்கினையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சாவூர், திருநெல்வேலி, தென் திருவிதாங்கூர் ஆகிய மூன்று பகுதிகளின் நிகழ்வுகள் இதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இறுதியில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில் அண்மைக் காலத்தில் எழுந்த சிலுவை மலை வழக்கு இப்பின்புலத்தில் வைத்து நோக்கப்படுகிறது.

சொற்களின் சுமை

தமிழ்க் கிறித்தவ வழக்கில் இக்கருத்தைச் சுட்டும் சொற்கள் மூன்று முதன்மையானவை: பரிசுத்தம், புனிதம், தூய்மை. சீர்திருத்தச் சபையாரிடம் பரிசுத்தம் என்னும் சொல் நிலைபெற்றது. 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழியாக அச்சொல் வீடுதோறும் சென்றது. கத்தோலிக்கரிடம் முன்னர் இஸ்பிரீத்து சாந்து, அர்ச்சியசிஷ்டர் முதலிய வழக்குகள் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவை மறைந்து, தூய ஆவி, புனிதர் என்பன வழக்கேறின. இரு மரபினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு தூய என்னும் சொல்லைப் பெரிதும் ஏற்றது.

இம்மாற்றத்தைத் தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்காக மட்டும் காண்பது போதாது. பொருள்நிலையிலும் ஒரு மாற்றம் இங்கு நிகழ்ந்துள்ளது. அர்ச்சியசிஷ்டர் என்னும் பழைய சொல் வணக்கத்துக்குரிய சான்றோர் என்னும் கருத்தைத் தருவது. அதில் அழுக்கு, அழுக்கின்மை என்னும் எதிர்மை இல்லை. அதன் இடத்தில் வந்த சொற்களோ தூய்மைப் பொருளின. பரிசுத்தம் என்பதன் உள்ளிருக்கும் சுத்தமும் அத்தகையதே. விவிலியத்தின் எபிரேய மூலத்தில் இறைமையின் இயல்பைக் குறிக்கும் சொல்லுக்குப் பிரித்துவைத்தல் என்பதே அடிப்படைப் பொருள் என அறிஞர் பலர் கூறுவர். பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, இறைவனுக்கென்று உரிமையாக்கப்பட்டது என்பது அதன் கருத்து. தமிழில் அக்கருத்து சுத்தமாக மொழிபெயர்ந்தது.

சுத்தத்திற்குத் தமிழ்ச் சமூகத்தில் ஆயத்தமாக ஓர் எதிர்ச்சொல் காத்திருந்தது. அது தீட்டு. லேவியராகமத்தின் தூய்மைச் சட்டங்களை மொழிபெயர்த்தோர் அச்சொல்லையே கையாண்டனர். அவர்களுக்கு வேறு வழியும் இருந்திருக்காது. ஆயினும், பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு, சாதி ஆகியவற்றில் தமிழர் அன்றாடம் கண்ட தீட்டு இதனால் வேதத்தின் பக்கங்களிலும் காட்சியளித்தது. புறத்தின் தூய்மை நீரால் அமைவது, அகத்தின் தூய்மை வாய்மையால் அறியப்படுவது என வள்ளுவர் செய்த பகுப்பு தமிழில் முன்னரே இருந்தது. ஆனால் சபை விவாதங்களில் வள்ளுவரின் அகத்தூய்மையைவிடச் சமூகத்தின் புறத்தூய்மையே வலிமையாகச் செயற்பட்டது. பின்வரும் நிகழ்வுகள் அதனைக் காட்டும்.

தஞ்சையில் பாயும் பாடலும்

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ச்சு ஐயரிடம் வளர்ந்து, இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்றவர். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறைக் குருமாரோடு அவர் முரண்பட்டார். அவரும் அவரைச் சார்ந்தோரும் முன்வைத்த முறையீடுகள் நான்கு பொருள்களைப் பற்றியன. பப்ரீசியுசின் மொழிபெயர்ப்புக்கு மாறாக இரேனியுசின் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்தியமை ஒன்று. ஆலயத்தில் சாதி வேறுபாடின்றி அமரவும் திருவிருந்தில் பங்குகொள்ளவும் வற்புறுத்தியமை இரண்டு. திருமணத்திலும் அடக்கத்திலும் விழாவிலும் பூக்களையும் அணிகளையும் விலக்கியமை மூன்று. வழிபாட்டில் தமிழ்ப் பாடலையும் இசையையும் தடுத்தமை நான்கு.

பிற்காலத் திறனாய்வு இவற்றுள் மூன்றனைப் பெரிதும் போற்றுகிறது. தமிழ் வழிபாட்டு மரபைக் காத்தவர், இசைக்காக வாதாடியவர் என்னும் புகழ் சாஸ்திரியாருக்குப் பொருத்தமானதே. 1853இல் மதுரையைச் சார்ந்த அமெரிக்கக் குரு எட்வர்டு வெப் தொகுத்த கீர்த்தனை நூலில் சாஸ்திரியாரின் பாடல்கள் சிறப்பிடம் பெற்றன. ஒரு தலைமுறைக் குருமார் விலக்கியதை அடுத்த தலைமுறைக் குரு ஒருவரே அச்சேற்றினார். இன்றும் எல்லாச் சபைகளிலும் அவை பாடப்படுகின்றன.

இரண்டாம் முறையீட்டைத் திறனாய்வாளர் மெல்லக் கடந்துவிடுகின்றனர். அது முறையன்று. சாஸ்திரியார் தரப்புக்கு நான்கும் ஒரே முறையீடு. சாதி உலகியல் ஒழுங்கைச் சார்ந்தது, மீட்போடு தொடர்பற்றது. ஆகவே அதனைக் குலைப்பது குருமாரின் பணியன்று என்பது அவ்வாதத்தின் அடித்தளம். பூவும் பாட்டும் எப்படித் தமிழர் வழக்கமோ, அப்படியே தனித்தனிப் பாய்களில் அமர்வதும் தமிழர் வழக்கம் என்று அவ்வாதம் ஒன்றாக்கியது. எதிர்த்தரப்பும் அவ்வாறே ஒன்றாக்கியது. பூவும் பாட்டும் சாதியும் ஒருங்கே புறச்சமய எச்சங்கள் என்று அவர்கள் கருதினர். பண்பாட்டைக் காக்க விழைந்தோர் சாதியையும் சேர்த்துக் காத்தனர். சாதியை ஒழிக்க விழைந்தோர் பண்பாட்டையும் சேர்த்து ஒழிக்க முற்பட்டனர். இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் இரு தரப்பாரிடமும் இல்லை.

1833இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாடு சபையில் முற்றாகவும் உடனடியாகவும் கைவிடப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்காது விலகினர். பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் சங்கத்தார் சாதி பற்றி மென்போக்குக் கொண்டமையால் விலகியோரில் சிலர் அச்சபையில் இடம் பெற்றனர். இவ்விவாதம் முழுவதிலும் ஒரு குரல் ஏறத்தாழ இல்லை என்பது நோக்கத்தக்கது. வேறு பாயில் அமரவைக்கப்பட்டோர் தம்மைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை அவர்களே எழுதிய எழுத்தாக நாம் காண்பது அரிது. அவர்களைப் பற்றிப் புலவரும் எழுதினார், குருமாரும் எழுதினர். இவ்வெழுத்து வகையைப் பயிலும் ஆய்வாளர் அந்த இன்மையையும் பனுவலின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

பிரகாசபுரமும் கிறித்தியான்பேட்டையும்

திருநெல்வேலிச் சீமையில் விவாதம் வேறு வடிவம் கொண்டது. சாயர்புரத்தில் பயின்று முக்குப்பீரிப் பகுதியில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, அயல்நாட்டுக் குருவோடு ஏற்பட்ட பிணக்கால் பணியிழந்தார். 1849இல் கால்டுவெல் நாடார் சமுதாயம் பற்றி வெளியிட்ட நூல் அச்சமுதாயத்தாரைப் புண்படுத்தியிருந்தது. அதனை எதிர்த்தோருள் சட்டாம்பிள்ளையும் முன்னின்றார். 1857இல் பிரகாசபுரத்தில் அயலார் துணையற்ற ஒரு சபை தோன்றியது. ஏக இரட்சகர் சபை எனப் பின்னர் வழங்கிய அச்சபையார் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர், நறும்புகை இட்டனர், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினர், முதற்பலன்களைப் படைத்தனர், பழைய ஏற்பாட்டின் தூய்மை விதிகளைக் கைக்கொண்டனர்.

சட்டாம்பிள்ளையின் வாதம் கூர்மையானது. வேதத்தின் சட்டங்களையும் தமிழர் வழக்கங்களையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒத்துள்ளன. ஐரோப்பியர் வழக்கங்களே வேதத்தினின்று விலகியவை என்பது அவர் கண்ட முடிவு. ரூத்தின் வரலாற்றைப் பாடும் அவருடைய ருத்தம்மாவை (1884) இவ்வொப்புமையை இலக்கியமாக்க முயன்றது. தீட்டு என்னும் ஒரே சொல் இரு உலகங்களையும் இணைத்த விதம் முன்னர்க் கூறப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் வேறு வழியின்றிக் கையாண்ட சொல்லைச் சட்டாம்பிள்ளை தமக்குரிய படைக்கலமாக்கினார் எனலாம். குடியேற்ற ஆட்சிக் காலத்தில், அயல்நாட்டுக் குருவின் முன் தன்மானத்தோடு நிற்க அவ்வாதம் ஒரு சமுதாயத்துக்கு இடம் தந்தது. அதன் விலையையும் மறைத்தலாகாது. லேவியராகமத்தின் விதிகள் கைக்கொள்ளப்பட்டபோது மாதவிலக்கில் பெண்கள் விலகியிருத்தலும் வேதக் கட்டளையாயிற்று. ஐரோப்பியரிடமிருந்து விடுபட்ட தூய்மை, வீட்டுப் பெண்களின்மேல் இறங்கியது.

இதே பகுதியில் ஏறத்தாழ இதே காலத்தில் மற்றொரு விடையும் எழுந்தது. இரேனியுசிடம் பயிற்சி பெற்றுப் பின்னர்க் குரோவ்சோடு தொடர்புகொண்ட யோவான் கிறித்தியான் அருளப்பன் (1810–1867), 1840இல் கிறித்தியான்பேட்டையை நிறுவி, அயல்நாட்டுச் சங்கத்தின் ஊதியமின்றிப் பணியாற்றியவர். 1860இல் அவரைச் சார்ந்தோரிடையே எழுந்த எழுப்புதலில் ஆண்களும் பெண்களும் வெளிப்படையாகத் தம் பாவங்களை அறிக்கையிட்டனர், அழுதனர், அயல்மொழி பேசினர், இறைவாக்கு உரைத்தனர். அங்கிருந்து அவ்வலை தென் திருவிதாங்கூருக்கும் பரவியது. சங்கக் குருமாருள் சிலர் அதனை ஐயத்தோடு நோக்கினர்.

சட்டாம்பிள்ளைக்குத் தூய்மை கைக்கொள்ளப்படும் விதி; அருளப்பனுக்கு அது நேர்ந்துவிடும் அனுபவம். முன்னவரிடம் அது உடலிலும் நாளிலும் உணவிலும் தங்கியது. பின்னவரிடம் அது நாவில் அறிக்கையாக வெளிப்பட்டது. ஆயினும் இருவரும் ஒரு புள்ளியில் கூடுகின்றனர். தூய்மையை வழங்கும் உரிமை குருபீடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே அது. தமிழ்க் கிறித்தவத்தில் தன்னாட்சி வேட்கை அரசியற் சொற்களில் அன்றித் தூய்மைச் சொற்களில் முதலில் பேசியது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர். கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தை மட்டும் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கிறித்தவ மனத்தை அளப்போர் இவ்வேட்கையைக் காணத் தவறுவர்.

உடலில் எழுதப்பட்ட தூய்மை

தென் திருவிதாங்கூரில் 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பின்னர் வளர்ந்த சபைகளில், பெண்ணின் உடை வழக்காயிற்று. மேலாடை அணிதல் கிறித்தவ ஒழுக்கம் என்றது சபை. சாதி ஒழுங்கின் மீறல் என்றனர் மேற்சாதியார். பல ஆண்டு வன்முறைக்குப் பின் 1859இல் திருவிதாங்கூர் அரசாணை நாடார் பெண்கள் மேலுடம்பை மூட இசைவளித்தது. இங்கு உடுத்திக்கொள்வதே தூய்மையாகவும் உரிமையாகவும் இருந்தது.

பிற்காலத்தில் கழற்றிவிடுதல் தூய்மையாயிற்று. திருநெல்வேலியில் தாமஸ் வாக்கரும், 1901 முதல் டோனாவூரில் தங்கிய ஏமி கார்மைக்கேலும் இங்கிலாந்தின் கெசிக் இயக்கம் வளர்த்த தூய வாழ்வுக் கருத்துகளைக் கொண்டுவந்தனர். கார்மைக்கேலோடு ஊர்தோறும் சென்ற தமிழ்ப் பெண்கள் தம் அணிகலன்களைத் துறந்தனர். செல்வத்தையும் குலப் பெருமையையும் உடலில் சுமந்து காட்டிய சமூகத்தில் அத்துறவு ஒரு புரட்சியே. 1920களில் இலங்கையில் தோன்றித் தமிழகத்திலும் கேரளத்திலும் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே சபை, வெண்ணிற ஆடை, மணமறுத்த ஊழியம், மருந்து மறுப்பு என அதனை மேலும் கடுமையாக்கியது. ஒரு தலைமுறையின் பொருத்தனை அடுத்த தலைமுறைக்குச் சட்டமானபோது அதன் பொருள் மாறியது. விரும்பிக் கழற்றிய தோடு தியாகம். கழற்றுமாறு பணிக்கப்பட்ட தோடு அடையாளச் சோதனை. அச்சோதனைக்கு ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக ஆட்பட்டனர் என்பதும் கருதத்தக்கது.

வடக்கன்குளத்துச் சுவர்

கத்தோலிக்க மரபில் இவ்வினா ஆலயக் கட்டடத்திலேயே வடிவம் பெற்றது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரு கூடங்களாகப் பிரிந்து பீடத்தில் கூடுமாறு அமைக்கப்பட்டது. சாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே திருப்பலியைக் காணும் ஏற்பாடு அது. 1910இல் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. வழக்குகள் தொடர்ந்தன.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நட்டாலத்து நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மார்த்தாண்ட வர்மரின் அரசுப் பணியில் இருந்த அவர் 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். சாதி வேறுபாடு பாராது பழகியவர் என்பது அவரைப் பற்றிய மரபுரை. 2012இல் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவர் பெயரோடு பிள்ளை என்னும் குலப்பெயர் இருந்தது. அப்பெயர் நீக்கப்பட வேண்டும் என நம்பிக்கையாளரிடமிருந்தே வேண்டுகோள் எழுந்தது. 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தபோது குலப்பெயர் இடம்பெறவில்லை. வரலாற்றுப் பெயரை மாற்றலாமா என்று வினவினோரும் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆவணத்தில் உள்ள பெயரை ஆய்வாளன் அழித்தலாகாது. ஆனால் வழிபாட்டில் அழைக்கும் பெயர் ஆவணத்தின் பெயரினின்று வேறானது. முன்னது இறந்தகாலத்தைப் பதிவுசெய்கிறது. பின்னது வருங்காலத்தாருக்கு ஒரு முன்மாதிரியை நிறுத்துகிறது.

மலையும் சிலுவையும்: போனக்காடு

திருவனந்தபுரம் மாவட்டம் விதுரைக்கு அப்பால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் உள்ளது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் லயங்களும் அமைந்த மலையூர் அது. தோட்டம் செயலிழந்த பின் தொழிலாளரின் ஊதியமும் ஓய்வுக்காலப் பணமும் நெடுநாள் நிலுவையில் நின்றன. தமிழறிஞருக்கு இம்மலை அயலிடம் அன்று. மறுபுறச் சரிவில் பாபநாசமும் தாமிரபரணியும் உள்ளன. தமிழ் முனிவன் உறைந்ததாகத் தொன்மம் கூறும் பொதியில் இதுவே.

இம்மலைப் பகுதியில் குன்றொன்றில் சிலுவை நட்டுத் தவக்காலத்தில் ஏறி வழிபடும் வழக்கம் 1950களிலிருந்து உண்டு என்று நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டத்தார் கூறினர். அவ்விடம் வனநிலம் என்றது வனத்துறை. 2017 ஆகஸ்டில் அங்கிருந்த கான்கிரீட் சிலுவைகள் உடைந்து கிடந்தன. பேச்சுவார்த்தைக்குப் பின் நிறுவப்பட்ட மரச்சிலுவையும் அவ்வாண்டு முடிவதற்குள் சிதைந்தது. 2018 சனவரியில் மலையேற முயன்ற மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையே மோதல் நேர்ந்தது.

அதே ஆண்டுகளில் அதே மலைத்தொடரின் உச்சியைப் பற்றி மற்றொரு வழக்கு நடந்தது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் காணி மக்களின் வழிபாட்டிடம். அங்குப் பெண்கள் ஏறலாகாது என்பது அவர்களின் வழக்கம். 2018இல் கேரள உயர்நீதிமன்றம் பால்வேறுபாடு காட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் பெண்கள் மலையேறினர். காணி மக்கள் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆக, ஒரு மலையின்மேல் மூன்று உரிமைகள் நிற்கின்றன: காணியரின் தெய்வ உரிமை, கத்தோலிக்கரின் வழிபாட்டு உரிமை, அரசின் வன உரிமை.

வனச் சட்டத்தின் சொல் இங்கு நம் கவனத்தை ஈர்க்கிறது. மனிதர் பயன்பாட்டினின்று விலக்கிக் காக்கப்படும் காட்டை அது ஒதுக்கப்பட்ட வனம் என்கிறது. பிரித்துவைத்தல் என்று விவிலிய மூலச்சொல்லுக்கு நாம் கண்ட பொருள், தமிழில் சமயச் சொல்லில் தங்காமல் ஒரு வனச் சட்டச் சொல்லில் தங்கியுள்ளது. மூலச்சொல்லின் அளவுகோலால் நோக்கினால், யாரும் எதுவும் கட்டாமல் விடப்பட்ட காடு, கட்டடம் எழுப்பப்பட்ட குன்றைவிடப் பரிசுத்தத்தின் இயல்புக்கு அண்மையில் உள்ளது. இஃது அடியார்களின் பற்றைக் குறைத்து மதிப்பதன்று. தலைமுறைகளாக முழங்காலிட்ட மண் அவர்களுக்கு வெறும் மண்ணாகாது. அவர்கள் போற்றிய சின்னம் இரவில் உடைபட்டதன் வலி மெய்யானது. ஆனால் அவ்வலி நிலத்தின்மேல் உரிமையாக மாறவேண்டுமா என்பதே திருச்சபைக்குள் பேசப்பட வேண்டிய வினா.

இவ்வினாவைக் கேரளத் திருச்சபைகள் பேசாமலும் இல்லை. 2017 ஏப்ரலில் மூணாற்றுக்கு அருகில் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் ஒரு குழுவினர் நட்டிருந்த பெருஞ்சிலுவையை வருவாய்த் துறையினர் அகற்றினர். மாநில முதலமைச்சரே அகற்றிய முறையைக் குறைகூறினார். திருச்சபைத் தலைவர்கள் சிலரோ, ஆக்கிரமிப்புக்குச் சிலுவை கருவியாதல் தகாது என்னும் நிலையை எடுத்தனர். இரு நிகழ்வுகளும் ஒன்றல்ல. பாப்பாத்திச்சோலையில் நிலம் பற்றிய விழைவு முன்னின்றது. போனக்காட்டில் தவக்கால வழிபாட்டின் நினைவு முன்னின்றது. ஆயினும் பாப்பாத்திச்சோலையில் வெளிப்பட்ட தற்சோதனை போனக்காட்டுக்கும் பொருந்தும். லயங்களில் ஊதியமின்றிக் கிடந்த தொழிலாளர் வாழ்வு அச்சிலுவையளவு மக்களைத் திரட்டியதா என்னும் வினாவும் அத்தற்சோதனையில் அடங்கும்.

அளவுகோல்

அவ்வாறாயின் பரிசுத்தம் என்பதற்கு மாறாக ஒதுக்கம் என்னும் சொல்லைக் கொண்டால் சிக்கல் தீருமா? தீராது. தமிழில் ஒதுக்குதல் இருமுனை உடைய சொல். நல்லதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குகிறோம். சேரியையும் ஊருக்கு வெளியே ஒதுக்கினோம். ஊர்க்கட்டுப்பாட்டில் ஒதுக்கப்பட்ட குடும்பமும், மாதவிலக்கில் ஒதுங்கியிருக்குமாறு பணிக்கப்பட்ட பெண்ணும் அச்சொல்லின் மறுமுனையை அறிவர். ஆகவே சொல்லை மாற்றுவதால் மட்டும் பொருள் தூய்மையடைவதில்லை. ஒதுக்குபவர் யார், ஒதுக்கப்படுபவர் யார் என்று கேட்க வேண்டும். தன்னைத் தானே ஒதுக்கிக்கொள்ளும் தூய்மை ஒன்று. பிறரை ஒதுக்கும் தூய்மை மற்றொன்று.

இவ்வளவுகோலைக் கொண்டு மேற்கண்ட நிகழ்வுகளை நோக்கலாம். தஞ்சையின் தனிப் பாய் பிறரை ஒதுக்கியது. தஞ்சையின் பாட்டும் பூவும் யாரையும் ஒதுக்கவில்லை. சாஸ்திரியாரும் குருமாரும் பிரித்தறியத் தவறிய இடம் இது. சட்டாம்பிள்ளை அயலார் ஆதிக்கத்தினின்று தம்மை ஒதுக்கிக்கொண்டார். அதே கையால் பெண்களை ஒதுக்கினார். கிறித்தியான்பேட்டையில் அறிக்கையிட்டோர் தம் குற்றத்தைத் தாமே வெளியிட்டனர். அணிகலன் துறந்தோர் தம்மை ஒறுத்தனர்; அதனைச் சட்டமாக்கியோர் பிறரை ஒறுத்தனர். வடக்கன்குளத்துச் சுவர் முழுமையாகப் பிறரை ஒதுக்கியது. தேவசகாயத்தின் குலப்பெயர் நீங்கியதில், ஒதுக்கப்பட்டது மனிதர் அன்று, ஒரு மனிதரை மற்றவருக்கு மேல் வைத்த அடைமொழி. போனக்காட்டிலும் அகத்தியர்கூடத்திலும் வினா இன்னும் திறந்தே உள்ளது. அங்கு மலையின்மேல் உரிமை கோரும் ஒவ்வொரு தரப்பும் தன்னிடம் இவ்வினாவைக் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

முடிவுரை

தமிழ்க் கிறித்தவ உள்விவாத எழுத்துகள் இறையியல் பூசல்களின் எச்சங்களாக மட்டும் கருதத்தக்கன அல்ல. ஒரு சமூகம் தன் சொற்களோடு போராடிய பதிவுகள் அவை. தூய்மை என்னும் சொல்லுக்குள் சாதியும், பால்வேறுபாடும், தன்மானமும், இறைவேட்கையும் ஒருங்கே புகுந்து கலந்திருந்ததை அவை காட்டுகின்றன. அவற்றுள் புகழத்தக்கதை மட்டும் எடுத்து இலக்கிய வரலாறு எழுதுவது, சாஸ்திரியாரின் நான்கு முறையீடுகளுள் மூன்றனை மட்டும் வாசிப்பது போன்ற குறையுடைய செயலாகும்.

திருச்சபை, திருவிவிலியம், திருப்பலி, திருவிருந்து என இரு மரபினரும் ஏற்ற மற்றொரு சொல் தமிழ்க் கிறித்தவ வழக்கில் நிலைத்திருப்பதைக் குறித்து இக்கட்டுரை நிறைவுறுகிறது. திரு என்னும் அச்சொல் பொலிவையும் செல்வத்தையும் மேன்மையையும் சுட்டுவது. அதன் எதிர்நிலை இன்மையே, தீட்டு அன்று. தீட்டின் உதவியின்றி இறைமையைச் சுட்டும் ஒரு சொல் தமிழில் முன்னரே இருந்துள்ளது. நூல்களுக்கும் சடங்குகளுக்கும் அதனை வழங்கிய தமிழ்க் கிறித்தவம், வாழ்வைச் சுட்டும்போது மட்டும் சுத்தத்தைத் தேடிச் சென்றது ஏன் என்பது மேலாய்வுக்குரியது. சபைக் கடிதங்களும் விண்ணப்பங்களும் முறையாகப் பதிப்பிக்கப்பட்டு, தமிழ்த்துறைகளில் பனுவல்களாகப் பயிலப்படும்போதுதான் அவ்வாய்வு கைகூடும்.